பொதுப் பட்டியல்: பேரவையில் நிறைவேறிய மசோதா ஏன் டெல்லிக்குப் போகிறது?

யார் எதற்குச் சட்டம் போடலாம் என்பதை அரசமைப்பின் ஏழாவது அட்டவணை பிரித்து வைத்திருக்கிறது. பாதுகாப்பு, வெளியுறவு, ரயில்வே, நாணயம் எல்லாம் ஒன்றியப் பட்டியலில் உள்ளன. காவல்துறை, பொதுச் சுகாதாரம், நிலம், உள்ளாட்சி போன்றவை மாநிலப் பட்டியலில். எந்தப் பட்டியலிலும் இல்லாத விஷயம் புதிதாக முளைத்தால், பிரிவு 248-ன்படி அது நாடாளுமன்றத்துக்குத்தான்.

குழப்பமெல்லாம் மூன்றாவதான பொதுப் பட்டியலில். கல்வி, மின்சாரம், காடு, திருமணம், குற்றவியல் சட்டம் எல்லாம் இதில் இருக்கின்றன. இரு தரப்பும் சட்டம் போடலாம். சரி, இரண்டும் மோதினால்? பிரிவு 254-ன்படி நாடாளுமன்றச் சட்டமே நிற்கும். மாநிலச் சட்டம் முரண்படும் அளவுக்குச் செல்லாது. மாநிலத்துக்கு உள்ள ஒரே வழி, மசோதாவைக் குடியரசுத் தலைவரின் ஒப்புதலுக்கு அனுப்புவது. ஒப்புதல் கிடைத்தால் அந்த மாநிலத்துக்குள் மட்டும் அது செல்லும். குடியரசுத் தலைவர் ஒன்றிய அமைச்சரவையின் ஆலோசனைப்படியே நடப்பவர் என்பதால், முடிவு டெல்லி அரசின் கையில்தான்.

இந்த வழி திறந்ததும் உண்டு. விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் 1960-ல் நாடாளுமன்றம் போட்டது. அதை வைத்துத்தான் உச்ச நீதிமன்றம் 2014-ல் ஜல்லிக்கட்டைத் தடை செய்தது. 2017 ஜனவரியில் மெரினாவில் கூட்டம் திரண்டபோது, அந்தச் சட்டத்துக்குத் தமிழ்நாட்டளவில் ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள். அதே மாதமே ஒப்புதலும் வந்துவிட்டது. 2023-ல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது.

மருத்துவச் சேர்க்கையின் கதை வேறு. நுழைவுத் தேர்வை நீக்கித் தமிழ்நாடு 2006-ல் நிறைவேற்றிய சட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே பல ஆண்டுகள் சேர்க்கை நடந்தது. ஆனால் ஒப்புதல் பெற்ற சட்டத்தையும் நாடாளுமன்றம் பின்னால் ஒரு சட்டம் போட்டு மீற முடியும். 2016-ல் நீட் அப்படித்தான் வந்தது. நீட் விலக்குக் கோரும் 2021-ன் மசோதாவை ஆளுநர் திருப்பி அனுப்பினார். 2022 பிப்ரவரியில் பேரவை அதை மீண்டும் நிறைவேற்றியது. அதற்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் மறுக்கப்பட்டதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் பேரவையில் அறிவித்தார். இடையில் ஓடியது மூன்று வருடம். குடியரசுத் தலைவர் முடிவெடுக்கப் பிரிவு 201 எந்தக் கெடுவும் விதிக்கவில்லை. பிள்ளைகளின் படிப்பு சம்பந்தப்பட்ட ஒன்றை இப்படிக் காலவரையின்றி வைத்திருக்க முடிவது பெரிய குறை என்றே நினைக்கிறேன்.

இத்தனைக்கும் கல்வி ஆரம்பத்தில் மாநிலப் பட்டியலில்தான் இருந்தது. காடு, எடை அளவுகள் உள்ளிட்ட வேறு சிலவற்றோடு அதைப் பொதுப் பட்டியலுக்கு மாற்றியது 1976-ன் 42-வது திருத்தம். அப்போது நெருக்கடி நிலை. எதிர்க்கட்சித் தலைவர்கள் பலர் சிறையில். தமிழ்நாட்டில் ஆட்சி கலைக்கப்பட்டுக் குடியரசுத் தலைவர் ஆட்சி. தமிழ்நாட்டுச் சட்டப்பேரவையின் குரல் இல்லாமலே மாற்றம் நடந்து முடிந்தது.

கல்வியைத் திரும்பப் பெற, பேரவைத் தீர்மானம் மட்டும் போதாது. பிரிவு 368-ன்படி நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும், மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேலும், வாக்களிப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமலும் ஆதரவு வேண்டும். அப்புறம் குறைந்தது பாதி மாநிலங்களின் சட்டப்பேரவைகளும் அதை ஏற்க வேண்டும்.