லைவ்: நேரலை வேறு, நேர்க்குரல் வேறு

ஓசூரிலிருந்து பெங்களூருக்குச் சுமார் 40 கிலோமீட்டர். 2007 மார்ச் 17 அன்று அயர்ன் மெய்டன் குழுவும், 2011 அக்டோபர் 30 அன்று மெட்டாலிகாவும் பெங்களூரு பேலஸ் கிரவுண்ட்ஸில் வாசித்தபோது பஸ் ஏறிப் போய்க் கேட்டுவிட்டு அன்றிரவே திரும்பிவிடக்கூடிய தூரம். ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் ராக் இசைக்கு ரசிகர்கள் இருப்பதில் வியப்பில்லை. அவர்கள் கூடுமிடத்தில், பிரிட்டனின் குயீன் ராக் குழுவில் பாடிய ஃப்ரெடி மெர்குரி பேச்சு வந்துவிட்டால் டீ ஆறிப்போகும். "லைவ்ல அவனை அடிச்சுக்க ஆளே இல்ல மாப்ள" என்பதில் எல்லோரும் ஒன்றுதான். எந்த லைவ் என்று கேட்டவுடன் ஒருவர் 1985 வெம்பிளி என்பார், இன்னொருவர் 1981 மான்ட்ரியல் என்பார், மூன்றாமவர் 1988 பார்சிலோனா என்பார்.

இந்தச் சண்டையில் ரசனை பாதிதான். மீதிப் பாதிக்குக் காரணம் 'லைவ்' என்ற சொல். மூவரும் ஒரே சொல்லை மூன்று பொருளில் பயன்படுத்துகிறார்கள்.

ஆங்கிலத்தில் இது 'அலைவ்' என்பதன் தலை உதிர்ந்த வடிவம். அந்த அலைவும் பழைய ஆங்கிலத்தில் 'உயிரில்' என்று பொருள்படும் இரண்டு சொற்கள் ஒட்டிப் பிறந்தது. ஆகவே அடிப்படைப் பொருள் 'உயிருள்ள'. மின்வேலை செய்பவர்கள் "லைன்ல லைவ் இருக்கு, தொடாதே" என்பதும் இதே பொருளின் நீட்சிதான். பாட்டுக்கு இந்த அடைமொழி வந்தது பிந்தித்தான், 1930களில் வானொலிக்காரர்கள் வழியாக. நிலையத்திலிருந்து இசைத்தட்டு ஓட்டுவதா, ஆளை உட்கார வைத்துப் பாட வைப்பதா என்று பிரித்துச் சொல்ல அவர்களுக்கு ஒரு சொல் தேவைப்பட்டது. அதற்கு முன் பாட்டு என்றாலே ஆள் பாடுவதுதான். இசைத்தட்டு வந்த பிறகே 'லைவ்' வேண்டியிருந்தது. இந்த வரலாறு தெரிந்தால் சொல்லின் கூர் எங்கே இருக்கிறது என்பது புரியும்: பதிவு அல்லாதது, இப்போது, இங்கே தொண்டையிலிருந்து வருவது.

நம் ஊர்களிலும் இதே பிரிவினை நடந்திருக்கிறது, வேறு சொற்களில். மாரியம்மன் பண்டிகைக்கு 'மைக் செட்' கட்டினால் பதிவுப் பாட்டு. 'ரெக்கார்ட் டான்ஸ்' என்றால் ஆட்டம் நேரில், பாட்டு பதிவில். 'பாட்டுக் கச்சேரி' அல்லது 'ஆர்கெஸ்ட்ரா' என்றால் பாட்டும் நேரில். நோட்டீஸில் இந்த மூன்றில் எது அச்சாகியிருக்கிறது என்று பார்த்தே கூட்டம் முடிவு செய்துவிடும். 'லைவ்' என்ற சொல் இல்லாமலேயே தருமபுரி மாவட்டத்து மக்கள் இதைத் துல்லியமாகப் பிரித்து வைத்திருந்தார்கள். தெருக்கூத்துக்கு இந்தப் பிரிவினையே தேவைப்படவில்லை. ஆர்மோனியம், மிருதங்கம், முகவீணை, தாளம், பின்பாட்டு எல்லாம் விடியும்வரை நேரில்தான்.

'கச்சேரி' என்ற சொல்லும் வந்து சேர்ந்ததுதான். இந்துஸ்தானியில் 'கச்சஹ்ரி' என்றால் அலுவலகம், நீதி விசாரிக்கும் இடம். பாராமகால், அதாவது கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரம், 1792இல் திப்புவிடமிருந்து கும்பினிக்கு, அதாவது கிழக்கிந்தியக் கம்பெனிக்கு, கைமாறியது. அந்தக் காலத்து வருவாய் அலுவலகங்களுக்குக் கச்சேரி என்றே பெயர். தாலுகா கச்சேரி என்ற வழக்கை வயதானவர்களிடம் இன்றும் கேட்கலாம். பலர் கூடி உட்காரும் இடம் என்ற பொருளிலிருந்து பாட்டுக்குக் கூடும் கூட்டத்துக்கு அது தாவியது. இன்று அதைத் தமிழல்ல என்று தள்ள வேண்டிய தேவை இல்லை என்பது என் எண்ணம். வேர் வெளியூராக இருந்தாலும் பொருள் இங்கே விளைந்தது.

இனி 'நேரலை'. ஊடகங்கள் பரப்பிய நல்ல சொல். நேர் + அலை. பண்பலை, சிற்றலை என்ற குடும்பத்தில் பிறந்தது. இதில் உள்ள 'அலை' வானலை. அதனால் நேரலை என்பது ஒலிபரப்பு, ஒளிபரப்புக்கு உரிய சொல்: நிகழ்வு நடக்கும்போதே தொலைவில் இருப்பவருக்குப் போய்ச் சேர்வது. தேர்த்திருவிழாவை ஒருவர் போனில் "லைவ் போடுகிறார்" என்றால் அது நேரலை. ஆனால் மேடைக்கு முன்னால் மண்ணில் உட்கார்ந்து கேட்பவருக்கு எந்த அலையும் தேவையில்லை. "பாடகர் நேரலையில் பாடினார்" என்று கச்சேரியைப் பற்றி எழுதுவது பிழை. இணையத்தில் இது பரவலாக நடக்கிறது. வாதமும் இங்கிருந்துதான் குழம்புகிறது.

நேரலையும் முழுக்க 'அப்போதே' அல்ல. செயற்கைக்கோள் சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஒருமுறை ஏறி இறங்கவே ஏறக்குறைய கால் நொடி ஆகும். இன்றைய இணைய நேரலையில் பல நொடிகள் பின்தங்கும். மைதானத்துக்குள்ளும் தாமதம் உண்டு. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது. 100 மீட்டர் பின்னால் நிற்பவருக்குப் பாட்டு கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு நொடி தள்ளிக் கேட்கும். பெரிய மைதானத்தில் கைதட்டல் ஒரே இடியாக வராமல் முன்னிருந்து பின்னாக அலைபோல் ஓடுவதற்கு இதுவே காரணம். தெரு நெடுகக் குழாய் ஸ்பீக்கர் கட்டிய திருவிழாவில் ஒரே வரி இரண்டு முறை கேட்பதும் இதனால்தான்.

அப்படியானால் மேடையில் அந்தக் கணமே தொண்டையிலிருந்து பாடுவதற்கு என்ன சொல்? 'மேடைப்பாட்டு' என்று பலர் எழுதுகிறார்கள். அது போதாது. ட்ராக் போட்டு வாயசைத்தாலும் மேடையில் நடப்பதுதானே. 'சொந்தக் குரல்' என்பதும் சரிவராது. வாயசைப்பில் ஒலிப்பதும் பெரும்பாலும் பாடகரின் சொந்தக் குரல்தான், என்றோ பதிவானது. இதற்கு 'நேர்க்குரல்' பொருத்தமாக இருக்கிறது. நேர்க்குரலுக்கு எதிர் வாயசைப்பு. நடுவே நிற்பது, இசை பதிவிலும் குரல் நேரிலும் வரும் 'ட்ராக் பாட்டு', அதாவது கரோக்கி. மேடையில் பாடியதை ஒலியாகவோ படமாகவோ எடுத்து வெளியிட்டால் 'மேடைப்பதிவு'. ஒலிக்கூடத்தில் எடுத்தால் 'கூடப்பதிவு'.

இந்தச் சொற்களை வைத்துக்கொண்டு மெர்குரி வாதத்துக்கு வருவோம். 1985 ஜூலை 13, எத்தியோப்பியப் பஞ்ச நிவாரணத்துக்கு நிதி திரட்ட நடந்த லைவ் எய்ட். லண்டன் வெம்பிளி மைதானத்தில் சுமார் 72,000 பேர். குயீன் குழுவுக்குக் கிடைத்தது ஏறத்தாழ 21 நிமிடம். முன்கூட்டியே லண்டன் ஷா தியேட்டரில் ஒத்திகை பார்த்து, அந்த நேரத்துக்குள் அடங்கும்படி பாட்டுகளைச் சுருக்கி வைத்திருந்தார்கள். நேர்க்குரலில் பாடியதும், நேரலையாக உலகெங்கும் போனதும், நமக்கு மேடைப்பதிவாக எஞ்சியதும் இந்த ஒரே நிகழ்வு. மூன்று பொருளும் ஒன்றுசேர்ந்த இடம் என்பதால்தான் 'லைவ்' என்றவுடன் இது முன்னால் வந்து நிற்கிறது.

அங்கே அவர் "ஏ...ஓ" என்று இழுக்க, கூட்டம் அப்படியே திருப்பிக் கொடுத்ததைப் பலரும் தனித் தருணமாகச் சொல்கிறார்கள். இதற்கு நம்மிடம் சொல் தேட வேண்டியதே இல்லை. கூத்தில் ஆடுபவர் விட்ட அடியைப் பின்னால் நிற்பவர் எடுத்துப் பாடுவது பின்பாட்டு. மெர்குரி 72,000 பேரைப் பின்பாட்டுக்காரர்களாக்கினார் என்று எழுதினால் கிருஷ்ணகிரி வாசகர் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. அவர் செய்த வேலையின் நுட்பத்தையும் கவனிக்க வேண்டும். முதலில் சின்ன அடி, பிறகு கொஞ்சம் வளைவு, பிறகு ஒரே சுரத்தை நீளமாகப் பிடிப்பது. எடுத்த எடுப்பிலேயே கடினமான அடியைக் கொடுத்திருந்தால் கூட்டம் சிதறியிருக்கும். நேர்க்குரல் இல்லாமல் இது நடக்கவே நடக்காது. கூட்டம் என்ன திருப்பித் தரும் என்பது பதிவுக்குத் தெரியாது.

அதே மேடையில், அதே நாளில், பீட்டில்ஸ் குழுவில் இருந்த பால் மெக்கார்ட்னி 'லெட் இட் பி' பாடத் தொடங்கியபோது மைக் வேலை செய்யவில்லை. முதல் இரண்டு நிமிடம் போல அவர் குரல் வெளியே கேட்கவில்லை. கோளாறுதான், ஆனால் நேர்க்குரலுக்கு அதைவிட உறுதியான சான்று கிடையாது.

மான்ட்ரியல், 1981 நவம்பர் 24, 25. இங்கே குரல் இன்னும் தெளிவு என்று வாதிடுபவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால் நாம் பார்ப்பது இரண்டு இரவுகளை வெட்டி ஒட்டிய மேடைப்பதிவு. இரண்டில் எது நன்றாக வந்ததோ அதை எடுக்க அங்கே வழியுண்டு. லைவ் எய்டில் அந்த வசதி இல்லை. 1979இல் வந்த 'லைவ் கில்லர்ஸ்' தட்டும் அந்த ஆண்டின் ஐரோப்பியப் பயணத்துப் பல இரவுகளிலிருந்து கோத்ததுதான். ஆகவே இப்படிப் பல இரவுகளை ஒட்டிய மேடைப்பதிவை வைத்து 'ஒரே இரவில் சிறந்தது' என்று தீர்ப்புச் சொல்லக் கூடாது. கைதட்டலின் இரைச்சல் பாட்டு நடுவில் சட்டென்று மாறுகிறதா என்று ஹெட்போனில் கேளுங்கள். பல இடங்களில் ஒட்டு அங்கேதான் தெரியும்.

பார்சிலோனா, 1988 அக்டோபர் 8. மொன்செராத் கபாயேயுடன் நின்ற அந்த மேடை மெர்குரியின் வாழ்க்கையில் பெரிய தருணம். ராக் பாடகர் ஒருவர், மேலைநாட்டு இசைநாடகமான ஆப்ராவின் பாடகிக்குச் சமமாக நின்றார். ஆனால் அன்று நடந்தது வாயசைப்பு. 'உச்சத் தருணம்' என்ற பட்டியலில் அதை எத்தனை உயரத்தில் வேண்டுமானாலும் வைக்கலாம், நேர்க்குரல் பட்டியலில் வைக்க முடியாது. வாழ்க்கையின் உச்சம் வேறு, கச்சேரியின் உச்சம் வேறு. இந்த இரண்டையும் ஒரே பட்டியலாக்குவதுதான் வாதங்களில் நான் காணும் பெரிய கோளாறு.

மிகச் சிக்கலான வழக்கு குயீனின் 'பொஹீமியன் ராப்சடி' பாட்டு. 1975 கூடப்பதிவில் நடுவே வரும் ஆப்ரா பகுதிக்கு மூன்று பேரின் குரலைத் திரும்பத் திரும்பப் பதிந்து 24 தட நாடாவில் அடுக்கினார்கள். நான்கு பேர் மேடையில் நின்று அதைக் கொண்டுவர முடியாது. குயீன் என்ன செய்தார்கள்? அந்தப் பகுதி வந்ததும் எல்லோரும் மேடையை விட்டு உள்ளே போய்விடுவார்கள். விளக்கு மட்டும் ஆடும், நாடா ஓடும். முரட்டுக் கிட்டார் பகுதி தொடங்கும்போது பாய்ந்து வெளியே வருவார்கள். நின்றுகொண்டு வாயசைத்திருக்கலாம், அதைச் செய்யவில்லை. எது நேர்க்குரல், எது பதிவு என்பதைக் கூட்டத்துக்கு மறைக்காமல் காட்டினார்கள். எனக்கு அவர்கள்மேல் மதிப்புக் கூடுவது இந்த இடத்தில். லைவ் எய்டில் இந்தச் சிக்கலே எழவில்லை. ஆப்ராவுக்கு முன்பே பாட்டை நிறுத்தி அடுத்ததற்குப் போய்விட்டார்கள்.

பார்ப்பது நேர்க்குரலா என்று நீங்களே சோதிக்கலாம். கூடப்பதிவை ஒரு போனிலும் மேடைக் காணொளியை இன்னொன்றிலும் ஒரே நேரத்தில் ஓட்டுங்கள். ஒரு நிமிடம் கழித்தும் தாளம் பிசகாமல் ஒட்டியே ஓடினால் இசை ட்ராக்கில் வருகிறது. குரலின் இழுப்பும் நெளிவும் மூச்சும்கூட ஒட்டினால் அது வாயசைப்பு. அடுத்து மைக்கைக் கவனியுங்கள். வாயிலிருந்து மைக் தூரம் இரட்டிப்பானால் ஒலி ஏறக்குறைய 6 டெசிபல் இறங்கும். 5 சென்டிமீட்டரிலிருந்து 20க்குப் போனால் 12 டெசிபல். காதுக்கு நன்றாகவே தெரியும். மைக் விலகியும் குரல் குறையவில்லை என்றால் சந்தேகப்படலாம். பயிற்சி உள்ளவர்கள் உச்ச சுரத்தில் வேண்டுமென்றே மைக்கை விலக்கிக் குரலைச் சமன்செய்வார்கள் என்பதால், இந்த ஒன்றை மட்டும் வைத்து முடிவு கட்டிவிடாதீர்கள். எக்கோ வேறு ஏமாற்றும். உள்ளூர் மேடையில் அதைக் கூட்டி வைத்தால் சுரம் கொஞ்சம் விலகினாலும் தெரியாது. மைக் ஊளையிட்டால், ஸ்பீக்கரிலிருந்து வரும் ஒலி மறுபடி மைக்குக்குள் போய்ச் சுற்றுகிறது என்று பொருள். அப்போது மைக் திறந்திருப்பது உறுதி.

மேடையில் மெர்குரி சில உச்ச சுரங்களைத் தாழ்த்திப் பாடினார் என்று குறை சொல்பவர்கள் உண்டு. உண்மைதான். 1975 அமெரிக்கப் பயணத்தில் குரல்நாணில் முடிச்சு வந்து கச்சேரிகளை ரத்து செய்ய நேர்ந்தது. இரவுக்கு இரவு நீண்ட கச்சேரி பாடுபவர் தொண்டையைக் காக்க வேண்டும். தாழ்த்திப் பாடியதும் நேர்க்குரலின் அடையாளமே.

என்னைக் கேட்டால் 1986 ஜூலை 27, ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரத்து நெப்ஸ்டேடியன் மைதானத்தைச் சொல்வேன். ஹங்கேரிய நாட்டுப்பாட்டு ஒன்றை அவர்கள் மொழியிலேயே பாட, வரிகளை உள்ளங்கையில் எழுதி வைத்திருந்தார். பாடும்போது கையைப் பார்ப்பது படத்தில் தெரிகிறது. தெலுங்குப் பாட்டையும் கன்னடப் பாட்டையும் நோட்டில் தமிழ் எழுத்தில் எழுதி வைத்துப் பாடும் ஓசூர்ப் பக்கத்து மேடைப் பாடகர்களுக்கு அந்தப் பார்வை நன்றாகத் தெரியும். வரியில் கண், கூட்டத்தில் காது. முதல் அடி முடிவதற்குள் மைதானம் முழுக்க எடுத்துக்கொண்டது.

இரண்டு வாரம் கழித்து ஆகஸ்ட் 9 அன்று இங்கிலாந்தின் நெப்வொர்த்தில் பாடியதே குயீனுடன் அவருக்குக் கடைசிக் கச்சேரி. அதன் மேடைப்பதிவு முழுதாக வெளிவரவில்லை. சில பாட்டுகள் அந்த ஆண்டு டிசம்பரில் வந்த 'லைவ் மேஜிக்' தட்டில் இருக்கின்றன. அந்தத் தட்டில் 'பொஹீமியன் ராப்சடி'யும் உண்டு, நாடாவில் ஓடிய ஆப்ரா பகுதி இல்லாமல்.