சோலாஸ்டால்ஜியா: இருந்த ஊரிலேயே வரும் ஊர் ஏக்கம்

எங்கள் ஆச்சி பிறந்ததும் வாக்கப்பட்டதும் சீவலப்பேரிப் பக்கம் தாமிரபரணிக் கரையில் ஒரே ஊரில். கடைசிக் காலத்தில் ஒருநாள் படித்துறையில் நின்றுகொண்டு, “ஏல, சொந்த ஊருல இருந்தும் வேத்தூருல இருக்க மாதிரில்லா இருக்கு” என்றாள். ஆற்று மணலில் கையால் ஊற்று தோண்டிக் குடம் நிரப்பியவள் அவள். இப்போது அந்த இடத்தில் களியும் தண்ணீரை மூடிப் படரும் அமலைச்செடியும்தான்.

அவள் சொன்ன அந்த வேதனைக்கு சோலாஸ்டால்ஜியா என்று பெயர். ஆஸ்திரேலியாவின் ஹன்டர் பள்ளத்தாக்கில் திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கங்கள் நிலத்தைத் தின்றுகொண்டிருந்தபோது, எங்கும் போகாமல் அங்கேயே இருந்த மக்கள் பட்ட பாட்டைப் பார்த்து, கிளென் ஆல்பிரெக்ட் என்ற சூழல் மெய்யியலாளர் 2003-ல் ஆக்கிய சொல். இலத்தீனில் ஆறுதலைக் குறிக்கும் சோலாசியம், கிரேக்கத்தில் வலியைக் குறிக்கும் ஆல்கோஸ், இரண்டும் சேர்ந்தது. இதற்கு மூத்தது நாஸ்டால்ஜியா. 1688-ல் யோஹானஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர், அயலூரில் வீட்டை நினைத்து நோயில் விழுந்தவர்களுக்காக உருவாக்கியது. அது ஊரைப் பிரிந்தவருக்கு வருவது, இது ஊரிலேயே கிடப்பவருக்கு வருவது.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘சூழல் துயர்’ எனக்கு ஒப்பவில்லை. எங்கோ துருவத்தில் பனி உருகுவதற்கு வருந்துவதும் அதில் அடங்கிவிடும், காலடி மண் அதில் இல்லை. நிலத்தையும் மனத்தையும் சேர்த்தே பேச நம்மிடம் திணை என்ற சொல் இருக்கிறது. பழந்தமிழ் இலக்கணத்தில் அதை முதல், கரு, உரி என்று வகுத்தவர்கள் நிலத்தில் தொடங்கி, மரம், பறவை, நீர் எல்லாம் தொட்டு, மன உணர்வில் வந்து முடித்தார்கள். சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதை இன்னும் நேராகவே சொல்கிறது: வேனில் வெயிலில் முல்லையும் குறிஞ்சியும் ‘முறைமையின் திரிந்து, நல்லியல்பு இழந்து, நடுங்குதுயர் உறுத்து’ப் பாலையாகும் என்று. பால் திரிந்துவிட்டது என்கிறோமே, அதே திரிதல். அதனால் நான் ‘நிலந்திரி துயர்’ என்கிறேன். நிலம், அதன் கேடு, அதனால் வரும் துயர் மூன்றும் அதில் இருக்கின்றன.

துயரோடு முடிந்துவிடுவதும் இல்லை. தாமிரபரணியில் மணல் அள்ள உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2010-ல் தடை போட்டது, ஆனால் அதற்குள் போன மணல் போனதுதான். மணல் இல்லாத ஆறு நீரைப் பிடித்து வைக்காது, கரையோரக் கிணறும் ஆற்றுக்குள் இருக்கும் உறைகிணறும் வற்றும், குளிக்கப் போகிறவர்கள் குறைவார்கள், படித்துறைப் பேச்சும் அதோடு போய்விடும். ஆற்றோடு உறவு விட்டுப்போனவர்களுக்கு அதில் குப்பை கொட்டக் கை கூசுவதில்லை. அப்புறம் ஆறு இன்னும் திரிகிறது.

சொல்லைப் பயன்படுத்தும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் மழை கொட்டி, தாமிரபரணி கரை மீறிய இரவில் பட்டது பயம், அது நிலந்திரி துயர் ஆகாது. வெள்ளம் வடிந்து வீடு திரும்பி, தன் வயலின் வரப்பு எங்கே இருந்தது என்று தெரியாமல் ஒருவர் நிற்கிறாரே, அப்போது தொடங்குவதுதான் அது.