கூலிங் டவரும் கடலில் விடும் வெந்நீரும்: இராமநாதபுரம் கடற்கரைக்கு உள்ள சட்டக் காப்பு

உப்பூரில் 1,600 மெகாவாட் அனல் மின் நிலையம் அமைக்கத் திட்டமிட்டபோது, கரையோர ஊர்களில் பலரும் புகைபோக்கியைப் பற்றியும் நிலக்கரித் தூளைப் பற்றியுமே அதிகம் கேட்டார்கள். மீன்பிடித் தொழிலைப் பொறுத்தவரை அதே அளவுக்குக் கேட்க வேண்டியது, ஆலையைக் குளிர்வித்துவிட்டுத் திரும்பும் தண்ணீர் எங்கே, எவ்வளவு சூட்டில் போய் விழுகிறது என்பதாகும்.

சுழலியை ஓட்டி முடித்த நீராவியை மீண்டும் தண்ணீராக்க, கண்டென்சர் என்னும் கலத்தின் குழாய்களுக்குள் குளிர்ந்த நீரைச் செலுத்துவார்கள். கடல்நீரை இறைத்து, ஒருமுறை ஓடவிட்டு, சூடாகவே கடலில் விட்டுவிடுவது ஒரு வழி. சூடேறிய நீரைக் கூலிங் டவரின் உச்சியிலிருந்து மழை போலச் சொரியவிட்டு, காற்றால் ஆற்றி, திரும்பப் பயன்படுத்துவது இன்னொரு வழி. கோபுரத்தின் வாயில் விடியற்காலையில் வெண்பஞ்சாகத் தெரிவது புகையன்று, நீராவியும் நுண்துளிகளுமே. ஆனால் கடல்நீரில் இயங்கும் கோபுரமாக இருந்தால் அத்துளிகளோடு உப்பும் பறந்து, காற்று வீசும் திசையிலுள்ள பயிரிலும் தகரக் கூரையிலும் படியும். நீர் ஆவியாக ஆவியாக எஞ்சும் உப்பு அடர்ந்துகொண்டே போவதால், தொட்டி நீரில் ஒரு பங்கை அவ்வப்போது வடித்துவிட வேண்டியிருக்கிறது. சிப்பியும் பாசியும் ஒட்டாமலிருக்கச் சேர்த்த குளோரினும், துரு தடுக்கும் மருந்துகளும் அந்த வடிநீரோடு வெளியே வருகின்றன. அதில் தனிக் குளோரின் லிட்டருக்கு 0.5 மில்லிகிராமையும், துத்தநாகம் 1 மில்லிகிராமையும், குரோமியம் 0.2 மில்லிகிராமையும், பாஸ்பேட் 5 மில்லிகிராமையும் தாண்டக் கூடாது என்பது சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகள் வகுத்த வரம்பு.

சூட்டுக்கும் வரம்பு உண்டு. 1999 ஜூன் 1க்குப் பின் இயங்கத் தொடங்கிய அனல் மின் நிலையங்களில், ஆறு, ஏரி, நீர்த்தேக்கத்து நீரைப் பயன்படுத்துபவை கட்டாயம் கூலிங் டவர் அமைக்க வேண்டும். கடல்நீரைப் பயன்படுத்தும் நிலையத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. கழிவுநீர் சேருமிடத்தில் கடலின் வெப்பம் இயல்பைவிட 7 டிகிரி செல்சியசுக்கு மேல் உயராதபடி ஏதேனும் தகுந்த ஏற்பாடு செய்தால் போதும். ஒரு மெகாவாட்-மணி மின்சாரத்துக்கு இத்தனை கன மீட்டர் நீர்தான் என்று 2015இல் கொண்டுவந்த கட்டுப்பாட்டிலிருந்தும் கடல்நீர் நிலையங்களுக்கு 2018இல் விலக்கு அளித்துவிட்டார்கள். நீரின் அளவுக்குத்தான் அந்த விலக்கு; சூட்டின் வரம்புக்கு அன்று.

7 டிகிரி என்பது நம் கடலுக்குத் தாராளமான எண் என்றே கருதுகிறேன். சித்திரை வெயிலில் 30 டிகிரியைக் கடந்துவிடும் மன்னார் வளைகுடா நீரில், அதற்கும் சற்று மேலே ஏறிய 2010இலும் 2016இலும் பவளங்கள் வெளுத்ததைத் தீவுகளைச் சுற்றித் தொழில் செய்கிறவர்கள் கண்ணாலேயே பார்த்தார்கள்.

ஆகவே நமக்குக் கூடுதல் பயன் தருவது, அதே விதிகளோடு வந்த இடம் பற்றிய நெறிமுறைதான். கழிமுகத்திலோ, அலையாத்திக் காடு, பவளப்பாறை, மீன் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் பகுதி ஆகியவற்றின் அருகிலோ குளிர்விப்பு நீரை விட அனுமதியே இல்லை என்று அது கூறுகிறது. காரங்காட்டு அலையாத்தியும், 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட 21 தீவுகளில் பெரும்பாலானவற்றின் பார்களும் (பவளப்பாறைத் திட்டுகளும்) உள்ள மாவட்டத்தில், எந்தத் திட்ட வரைபடத்திலும் முதலில் தேட வேண்டியது வெளியேற்றுக் குழாயின் முனை எங்கே முடிகிறது என்பதைத்தான்.

அதைத் தேடும் உரிமை எவருக்கும் உண்டு. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும். வரைவு அறிக்கை ஆட்சியர் அலுவலகத்தில் பார்வைக்கு இருக்க வேண்டும். அதன் சுருக்கம் தமிழிலும் இருக்க வேண்டும். அனுமதி பெற்ற நிறுவனம் ஆண்டுதோறும் ஜூன் 1, டிசம்பர் 1 ஆகிய நாள்களில் நிபந்தனைகளை எப்படி நிறைவேற்றியது என்று அறிக்கை தர வேண்டும். அது பொது ஆவணம். சுற்றுச்சூழல் அனுமதியை எதிர்த்துத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வில் மேல்முறையீடு செய்ய 30 நாள் அவகாசம். தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள் வரை தீர்ப்பாயம் ஏற்கலாம்.