கீ ஹோஅலு: தளர்தந்தி

ஹவாயின் பழைய இசைத்தட்டுகளைத் தேடிப் பிடித்துக் கேட்பவர்கள் கண்ணில் திரும்பத் திரும்பப் படும் சொல் ‘ஸ்லாக் கீ’. முகப்பில் கிட்டார் படமும் இருக்கும் என்பதால், இது ஏதோ தனி வகைக் கிட்டாரின் பெயர் என்று தோன்றும். கருவி சாதாரண ஆறு தந்திக் கிட்டார்தான். வாசிக்கும் முன் தந்திகளை என்ன செய்கிறார்கள் என்பதைத்தான் இந்தப் பெயர் சொல்கிறது.

ஹவாய் மொழியில் இதற்குக் ‘கீ ஹோஅலு’ என்று பெயர். ‘அலு’ என்றால் தளர்வு. முன்னால் நிற்கும் ‘ஹோ’ அதைப் பிறவினையாக்கும் ஒட்டு. தளர் என்பது தளர்த்து ஆகிவிடுகிறது. ‘கீ’ ஆங்கிலத்திலிருந்து அங்கே போய்ச் சேர்ந்த சொல். ஆக, ‘கீயைத் தளர்த்து’ என்று பொருள். இந்தக் கீ பூட்டுச் சாவி அல்ல, தந்தியை முறுக்கும் ஆணி.

எவ்வளவு தளர்த்துவது? வழக்கமான கிட்டார் சுருதி, தடித்த தந்தியில் தொடங்கி, ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ. இரண்டு ஈ தந்திகளையும் டி-க்கு இறக்கி, ஏ தந்தியை ஜி-க்கு இறக்கினால் டி, ஜி, டி, ஜி, பி, டி. இப்போது இடது கை படாமலே எல்லாத் தந்திகளையும் மீட்டினால் ஜி மேஜர் கார்டு, அதாவது ஒத்திசையும் ஸ்வரங்களின் கூட்டு, முழுசாக ஒலிக்கும். இதை ‘டாரோ பேட்ச்’ என்கிறார்கள், அதாவது சேப்பங்கிழங்குப் பாத்தி. கட்டைவிரல் அடித்தந்திகளில் மாறி மாறித் தாளம் போட, மற்ற விரல்கள் மேல்தந்திகளில் மெட்டை வாசிக்கும். ஒரே ஆள் வாசித்தாலும் இருவர் வாசிப்பது போலக் கேட்பது இதனால்தான். ‘வஹினே’, அதாவது பெண், என்ற சுருதி வகையும் உண்டு. அதில் நம் காகலி நிஷாதத்துக்கு (மேல் ஸ-வை ஒட்டிக் கீழே நிற்கும் நி) இணையான ஸ்வரம் ஒரு தந்தியில் உட்கார்ந்திருக்கும். இந்தச் சுருதிகளைப் பல குடும்பங்கள் வெளியே விடாமல் பொத்திப் பொத்தி வைத்திருந்தன.

கிட்டார் அங்கே போன கதை மாட்டிலிருந்து தொடங்குகிறது. 1793-இல் ஆங்கிலேயக் கடலோடி கேப்டன் வான்கூவர் மன்னர் கமேஹமேஹாவுக்கு மாடுகளைப் பரிசளித்தார். அவை பெருகிக் கட்டுக்கடங்காமல் திரிந்தன. 1830-களில் மூன்றாம் கமேஹமேஹா காலத்தில் மெக்சிகோ மாட்டுக்காரர்கள் வரவழைக்கப்பட்டார்கள்; கிட்டார் அவர்களோடு வந்தது என்பது பொதுவாகச் சொல்லப்படும் வரலாறு. ஹவாயில் மாட்டுக்காரருக்கு ‘பனியோலோ’ என்று பெயர், ‘எஸ்பானியோல்’ என்பதன் திரிபு. வந்தவர்கள் திரும்பிப் போன பிறகு, உள்ளூர்க்காரர்கள் தங்கள் பாட்டுக்கு ஏற்றபடி தந்திகளைத் தளர்த்திக்கொண்டார்கள்.

ஒலிப்பதிவுக்கு இந்த முறை வந்தது ரொம்பத் தாமதமாக. 1946-இல் ஹவாய்க் கலைஞர் கேபி பஹினுய் பதிவு செய்த பாட்டைத்தான் முதல் பதிவு என்று வழக்கமாகச் சொல்வார்கள். 1960-இல் லியோனார்ட் குவான் வெளியிட்ட தட்டில் குரலே கிடையாது, முழுக்க வாத்தியம்தான். சுருதியைக் காதால் கண்டுபிடிக்கப் பார்ப்பவர்களுக்கு இன்றும் இதுதான் நல்ல பாடம். 1973-இல் கியோலா பீமர் இந்த முறைக்குக் கற்றல் நூலே எழுதிவிட்டார்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? ‘தளர்ந்த சாவி’ என்றால் சிரிப்புத்தான் வரும். ‘இறக்கு சுருதி’ கொஞ்சம் ஆசை காட்டுகிறது, ஆனால் பாடகரின் குரலுக்காக எல்லாத் தந்திகளையும் ஒரே அளவு இறக்குவதும் அதுவே ஆகிவிடும். இங்கே சிலவற்றை மட்டுமே இறக்குகிறார்கள். ‘தொய்தந்தி’ என்றால் கெட்டுப்போன தந்தி. முறுக்காணி என்ற நல்ல சொல் நம்மிடம் இருந்தாலும், ‘முறுக்காணி தளர்த்தல்’ வாயில் நுழையாது. என் ஓட்டு ‘தளர்தந்தி’க்கு. தளர்தந்தி முறை, தளர்தந்தி இசை, தளர்தந்திக் கலைஞர் என்று சிரமமில்லாமல் நீளும்.

ஒரு குழப்பத்தை மட்டும் தவிர்க்க வேண்டும். நம் ஊரில் ‘ஹவாயன் கிட்டார்’ என்றால் மடியில் கிடத்தி, தந்திமேல் உலோகத் துண்டை இழுத்து வாசிப்பது. அது ஸ்டீல் கிட்டார். அதைக் கண்டுபிடித்தவராகச் சொல்லப்படுபவர் ஹவாய்க்காரரான ஜோசப் கெகுகு. வாசிக்கும் விதத்தில் நம் கோட்டுவாத்தியத்துக்குப் பக்கம். தளர்தந்தியில் உலோகத் துண்டுக்கு வேலையில்லை. இரண்டையும் பிரித்துக் கேட்க ‘சன்ஸ் ஆஃப் ஹவாய்’ குழுவின் 1971 தட்டு வசதி: வழுக்கிக்கொண்டு போவது ஃபீட் ரோஜர்ஸின் ஸ்டீல் கிட்டார், விரலால் தெறித்து வருவது கேபியின் தளர்தந்தி.