நாய்க்குக் கருத்தடை: வயிற்றுக்குள் நடப்பது என்ன?

கருத்தடை என்ற சொல்லைக் கேட்டதும் பலரும் குழாயைக் கட்டிவிடும் வேலை என்று நினைத்துக்கொள்கிறார்கள். பெட்டை நாய்க்கு வழக்கமாகச் செய்வது அதுவல்ல. இரண்டு சினைப்பைகளையும், பெரும்பாலும் கருப்பையையும் சேர்த்தே எடுத்துவிடுகிறார்கள். சினைப்பை போனால் அது சுரக்கும் ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும் நின்றுவிடும். இந்த ஆபரேஷனால் வரும் நன்மையும் தொந்தரவும், எந்த வயதில் செய்வது என்ற கேள்வியும் பெரும்பாலும் அந்த ஹார்மோன்களைச் சுற்றியே வருகின்றன.

முதலில் ஆபரேஷன். தொப்புளுக்குச் சற்றுக் கீழே, வயிற்றின் நடுக்கோட்டில் சில சென்டிமீட்டர் நீளத்துக்குத் திறக்கிறார்கள். நாயின் கருப்பை இரண்டு நீண்ட கொம்புகளாகப் பிரிந்திருக்கும். ஒவ்வொரு கொம்பின் நுனியிலும், சிறுநீரகத்துக்குச் சற்றுப் பின்னால், கொழுப்பு உறைக்குள் ஒளிந்தபடி ஒரு சினைப்பை. கண்ணுக்குத் தெரியாது, விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். சினைப்பையை விலா எலும்புப் பக்கமாக இழுத்துப் பிடித்திருக்கும் கெட்டியான நார் ஒன்று உண்டு. அதை விரலால் மெல்ல இழுத்துத் தளர்த்தினால்தான் சினைப்பை வெளியே வரும். வலி உச்சத்துக்குப் போகும் கட்டம் இதுதான். நாய் மயக்கத்தில் இருந்தாலும் இதயத் துடிப்பு சட்டென்று ஏறும். வலி மருந்தைக் கத்தி வைப்பதற்கு முன்பே கொடுத்துவிட வேண்டும் என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம். வலது சினைப்பை இடதைவிட முன்தள்ளி ஆழத்தில் இருப்பதால் அங்கே சிரமம் அதிகம்.

அடுத்தது முடிச்சு. சினைப்பைக்குப் போகும் ரத்தக்குழாய்க் காம்பின் மேல் மூன்று கிளாம்புகளை, அதாவது இறுக்கிப் பிடிக்கும் கவ்விகளை, வரிசையாகப் போடுவார்கள். எல்லாவற்றுக்கும் அடியில் உள்ள கிளாம்பைக் கழற்றும்போது, அது நசுக்கிய பள்ளத்திலேயே முடிச்சு போய் உட்கார வேண்டும். பிறகு மேலே உள்ள இரண்டு கிளாம்புகளுக்கு நடுவே வெட்டு. வெட்டிய காம்பை அப்படியே விட்டுவிடக் கூடாது. இடுக்கியால் பிடித்துக்கொண்டு, இழுவையைத் தளர்த்தி, சில நொடிகள் பார்க்க வேண்டும். இழுத்துப் பிடித்திருக்கும்வரை கசியாத குழாய், தளர்ந்த பிறகு கசியலாம். குண்டான நாய்களில் முடிச்சுக்கு அடியில் கொழுப்பு வழுக்கும். முடிச்சு நழுவினால் வயிற்றுக்குள் ரத்தம் கொட்டும். சினைப்பையின் சிறு துணுக்கு உள்ளே தங்கிவிட்டாலும் வினைதான்: மாதங்களோ வருடங்களோ கழித்து நாய் மறுபடி ஹீட்டுக்கு, அதாவது இனச்சேர்க்கைப் பருவத்துக்கு, வரும்.

வயிற்றை மூடும்போது பிடிப்புத் தருவது நடுக்கோட்டில் உள்ள வெள்ளை நார்ப்படலம் மட்டுமே. தசையிலும் கொழுப்பிலும் தையல் நிற்காது. அந்தப் படலத்தைச் சரியாகப் பிடிக்காமல் தைத்தால், மேல்தோல் அழகாக ஒட்டியிருக்க, உள்ளே குடல் பிதுங்கி வரும்.

இவ்வளவு பாடு எதற்கு? முதல் காரணம் கருப்பையில் சீழ் கட்டும் நோய். ஒவ்வொரு ஹீட்டுக்குப் பிறகும், சினையானாலும் ஆகாவிட்டாலும், சுமார் 2 மாதம் புரோஜெஸ்டிரோன் சுரந்துகொண்டிருக்கும். அது கருப்பையின் உள்சுவரைத் தடிக்க வைக்கிறது, வாயை மூடுகிறது, கிருமியை எதிர்க்கும் திறனைக் குறைக்கிறது. நடுவயதைத் தாண்டிய பெட்டைகளில் ஹீட் முடிந்து சில வாரங்களில் வரும் இந்த நோய், கவனிக்காவிட்டால் உயிரைக் குடிக்கும். இரண்டாவது, மடிக் கட்டி. முதல் ஹீட்டுக்கு முன்பே ஆபரேஷன் செய்தால் அந்த அபாயம் மிகவும் குறையும் என்று 1969-இல் வந்த ஆய்வைப் பின்பற்றியே நெடுங்காலம் சொல்லி வந்தார்கள். பின்னாளில் அந்தச் சான்றுகளைத் திரும்ப அலசியவர்கள், அவை நினைத்த அளவு வலுவானவை அல்ல என்றார்கள்.

ஆகவே எல்லா நாய்க்கும் ஒரே வயது பொருந்தாது. எலும்பு நீளக் காரணமான, அதன் நுனியருகே உள்ள வளர்ச்சித் தட்டுகள் மூடுவதற்குப் பாலின ஹார்மோன் உதவுகிறது. அதை முன்கூட்டியே நிறுத்தினால் கால் எலும்பு சற்று அதிகம் நீளும். சில பெரிய இனங்களில் முழங்கால் தசைநார் அறுவதும் இடுப்பு மூட்டுக் கோளாறும் கூடுகின்றன. சிறிய நாய்க்கு 6 மாதத்திலேயே செய்யலாம். பெரிய இனத்துக்கு ஒரு வயதையாவது தாண்டவிடுவது நல்லது. பெரிய பெட்டைகளில் பிற்காலத்தில் தூக்கத்தில் சிறுநீர் கசிவதும் உண்டு. மருந்தில் பெரும்பாலும் கட்டுப்படும். ஹீட்டில் இருக்கும்போது ரத்தக்குழாய்கள் புடைத்து, திசு எளிதில் கிழியும். அதனால் ஹீட் முடிந்து 2 முதல் 3 மாதம் பொறுப்பது வழக்கம்.

கடுவனுக்கு வேலை சுலபம். விரைப்பைக்கு முன்னால் சிறு வெட்டு; விரைகளை ஒவ்வொன்றாக அதன் வழியே தள்ளி, காம்பைக் கட்டி, எடுத்துவிடுவார்கள். ஒரு விரை கீழே இறங்காமல் இருந்தால் வயிற்றிலோ தொடையிடுக்கிலோ தேடி எடுத்தே ஆக வேண்டும். அங்கே தங்கும் விரையில் புற்றுக்கட்டி வரும் வாய்ப்பு அதிகம். குழாய்களில் மிச்சமிருக்கும் விந்தணுவால் சில வாரங்கள்வரை சினைப்படுத்த முடியும் என்பதால், ஒரு மாதத்துக்கு மேலாகவே பெட்டைகளிடமிருந்து பிரித்து வையுங்கள். ஊர் சுற்றுவது, கண்ட இடத்தில் சிறுநீர் தெளிப்பது குறையும். பயத்தால் கடிக்கும் நாய் இதனால் மாறிவிடாது. சில சமயம் பயம் கூடவும் செய்யும்.

ஆபரேஷனுக்கு முந்தைய இரவு முதல் வளர்ந்த நாய்க்கு உணவு வேண்டாம். மயக்கத்தில் வாந்தி மூச்சுக்குழாயில் இறங்கினால் ஆபத்து. குட்டியை அவ்வளவு நேரம் பட்டினி போட்டால் சர்க்கரை இறங்கிவிடும். நேரத்தை மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்த முதல் நாள் அடிக்கடி ஈறைப் பாருங்கள். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் 2 நொடிக்குள் பழைய இளஞ்சிவப்புக்குத் திரும்ப வேண்டும். ஈறு வெளிறி, நாய் துவண்டு, வயிறு உப்பினால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், உடனே கிளம்புங்கள். தையலை நக்காமல் இருக்கக் கழுத்தில் கூம்பு மாட்டுங்கள். 10 முதல் 14 நாள் குளியல், குதிப்பது, ஓட்டம் எதுவும் கூடாது. கயிற்றில் பிடித்து மெதுவாக நடத்தினால் போதும். வலிக்கிறதே என்று நாம் போடும் மாத்திரையைத் தயவுசெய்து கொடுத்துவிடாதீர்கள். இபுபுரூஃபென் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும், பாராசிட்டமால் கல்லீரலையும் கெடுக்கும்.

காயம் ஆறிய பின் பசி கூடும், உடலுக்குத் தேவையான கலோரி குறையும். அதனால் தீனியைச் சற்றுக் குறைத்து, மாதம் ஒருமுறை எடை பாருங்கள். விலாவைத் தடவும்போது லேசான சதைக்கு அடியில் எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும். தட்டுப்படவில்லை என்றால் தட்டில் விழும் அளவை இன்னும் குறைக்க வேண்டும்.