செங்காந்தள் அடித்த அன்று ராத்திரி வந்த காய்ச்சல்

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு ஊரின் ரவுண்டானாவுக்கு இரும்பில் செங்காந்தள் செய்து தரச் சொல்லிக் கேட்டார்கள். பன்னிரண்டு செடி, ஆள் உயரத்துக்கு மேல், செடிக்கு ஐந்து பூ. மாநில மலர் என்பதால் அவர்கள் தேர்வு செய்திருந்தார்கள். எனக்கு அது பிடித்துப்போனதற்குக் காரணம் வேறு. வேலியோரம் படரும் அந்தக் கொடியைக் கிட்டத்தில் பார்த்திருந்தால் தெரியும், அதன் இலை இலையாகவே முடிவதில்லை. நுனி நீண்டு, மெலிந்து, சுருண்டு, பக்கத்தில் எது கிடைக்கிறதோ அதைப் பிடித்துக்கொள்ளும். பற்றுக்கம்பி என்று தமிழில் அதற்குப் பெயர் வைத்தவர் எங்கள் பட்டறையைப் பார்த்துத்தான் வைத்திருப்பார் என்று எனக்குத் தோன்றும்.

12 மி.மீ. சதுரக் கம்பியில் ஓர் இலை. முதலில் நுனியைக் கூராக்கி, காம்பு வரும் இடத்தை இடுக்கி, நடுவில் மிச்சமிருக்கும் சதையைப் பட்டடையில் வைத்துப் பரப்பினால் இலையின் உடம்பு வந்துவிடும். அப்புறம் உளியால் நரம்பு. இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். நடுநரம்பிலிருந்து இரண்டு பக்கமும் கிளை பிரிகிற மாதிரி மாவிலை நரம்பைப் போட்டுவிடுவார்கள். செங்காந்தள் இலையில் நரம்பு மூங்கில் இலை போல நீளவாக்கில் ஓடும். அதைச் சரியாகப் போட்டாலே பாதிச் செடி உயிர் பெற்றுவிடும். பற்றுக்கம்பியைக் கடைசியில்தான் இழுக்க வேண்டும், ஏனென்றால் பென்சில் முனை அளவுக்கு மெலிந்த இரும்பு உலைக்குள் கண் இமைக்கும் நேரத்தில் மத்தாப்பு மாதிரி எரிந்து போகும்.

இதழ் வேறு கதை. பூவுக்கு ஆறு இதழ், ஓரமெல்லாம் நெளி, மேல்நோக்கி மடங்கி நிற்கும். அதை 16 கேஜ் தகட்டில் வெட்டி, சூடாக்கி, ஓரத்தை நெளிக்க வேண்டும். மெல்லிய தகடு வெளியே எடுத்த ஐந்தாவது நொடியே கறுத்துவிடும் என்பதால் ஓர் இதழ் ஏழெட்டு முறை உலைக்குள் போய்வரும். மொத்தம் 360 இதழ்.

அந்தத் தகடுதான் பிரச்சினை. பொருளை அவர்களே வாங்கித் தருவதாக ஒப்பந்தம். வந்து இறங்கியது ஜி.ஐ. தகடு, துருப்பிடிக்காமல் இருக்க மேலே பூச்சு போட்ட இரும்பு. "துருப்பிடிக்காதுண்ணே, வெளியில நிக்கிற பொருள்தானே" என்றார் கொண்டுவந்த தம்பி. அவர் நல்லதை நினைத்துத்தான் சொன்னார். ஜி.ஐ.யில் புகை வரும் என்று எனக்கும் தெரியும், ஆனால் மெல்லிய பூச்சுதானே, முதல் சூட்டில் போய்விடும் என்று நினைத்துவிட்டேன். வெளியே மழை, ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தோம். உலை வாயிலிருந்து இலவம்பஞ்சு மாதிரி வெள்ளையாக ஏதோ பறந்து பட்டடை மேலும் எங்கள் தலைமுடியிலும் உட்கார்ந்தது. வாயில் லேசான இனிப்பு, காசை நக்கிய மாதிரி ஒரு ருசி.

வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுக்கிற வரை ஒன்றுமில்லை. பத்து மணிக்கு மேல் குளிர் தொடங்கியது. இரண்டு போர்வை போதவில்லை, பல் கிட்டியது, தொடை, முதுகு எல்லாம் அடித்துப்போட்ட மாதிரி வலி, எவ்வளவு தண்ணீர் குடித்தும் தாகம் அடங்கவில்லை. காலையில் உதவியாளுக்கு போன் செய்தால் அவனுக்கும் அதே கதை. டெங்குக் காலம், பயந்துபோய் ரத்தப் பரிசோதனைக்கு ஓடினோம். தட்டணுக்கள் சரியாக இருந்தன, வெள்ளையணு மட்டும் கூடியிருந்தது, ஏதோ தொற்று என்று மருந்து வாங்கிக்கொண்டு வந்தோம். மறுநாள் சாயங்காலம் ஒன்றுமே நடக்காத மாதிரி சரியாகிவிட்டது. அதனால் மறுபடியும் அதே தகட்டை எடுத்து உலையில் வைத்தோம். இதை எழுதும்போது இன்னும் எனக்கு மனது கனக்கிறது. எனக்குச் சரி, அந்தப் பையனுக்கு அப்போது இருபது வயதுகூட ஆகவில்லை.

நடந்தது இதுதான். ஜி.ஐ. என்பது இரும்பின் மேல் துத்தநாகப் பூச்சு. துத்தநாகம் 419 டிகிரி செல்சியஸில் உருகும், 907 டிகிரியில் கொதித்து ஆவியாகும். இரும்பை அடிக்கிற சூடு அதற்கும் மேலே, 1,200 டிகிரி வரைகூடப் போகும். ஆகவே ஜி.ஐ.யைக் காய்ச்சி அடிப்பது என்றாலே துத்தநாகத்தைக் கொதிக்கவைத்துச் சுவாசிப்பது என்றுதான் அர்த்தம், பதமாகச் செய்கிற வழி எதுவும் கிடையாது. ஆவி காற்றில் பட்டதும் துத்தநாக ஆக்சைடாகிறது. கண்ணுக்குத் தெரிகிற பஞ்சை விட, தெரியாத நுண்துகள்தான் நுரையீரலின் அடி வரைக்கும் போகிறது. உலோகப் புகைக் காய்ச்சல் என்பது உடம்பு அதற்குக் காட்டுகிற எதிர்ப்பு. புகையைச் சுவாசித்து நான்கு முதல் பத்து மணி நேரம் கழித்து வரும், பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் போய்விடும். இந்தத் தாமதம்தான் ஆளை ஏமாற்றுகிறது, ராத்திரி வந்த காய்ச்சலைக் காலையில் செய்த வேலையோடு யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை.

இதற்குத் 'திங்கட்கிழமைக் காய்ச்சல்' என்று ஒரு பெயரும் உண்டு. தினமும் புகையில் நிற்கிறவருக்கு உடம்பு ஓரளவு பழகி, காய்ச்சல் வராமல் இருக்கும். ஞாயிறு லீவு விட்டு வந்தால் அந்தப் பழக்கம் போய், திங்கட்கிழமை மறுபடி அடிக்கும். எனவே "எனக்கெல்லாம் ஒன்னும் ஆகாது, பழகிப்போச்சு" என்று சொல்கிறவர் தப்பித்துவிட்டார் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பால் குடித்தால் புகை முறிந்துவிடும் என்பார்கள். பால் வயிற்றுக்குப் போகிறது, புகை போனது நுரையீரலுக்கு. மூச்சுத் திணறினாலோ, நெஞ்சு வலித்தாலோ, இரண்டு நாள் தாண்டியும் விடாவிட்டாலோ மருத்துவமனைக்குப் போங்கள், போனதும் முதல் வார்த்தையாக "ஜி.ஐ. புகையைச் சுவாசித்துவிட்டேன்" என்று சொல்லுங்கள். நாங்கள் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. 2005-இல் அமெரிக்காவில் ஊரறிந்த மூத்த கொல்லர் ஒருவர், ஏற்கெனவே நுரையீரல் நோய் உள்ளவர், குழாய்களின் பூச்சை உலையில் எரித்து எடுக்கப்போய் நிமோனியாவில் இறந்துபோனார்.

துத்தநாகமாவது எச்சரிக்கை கொடுத்துவிட்டு விடும். காட்மியம் என்ற உலோகம் அப்படியில்லை. பழைய போல்ட்டு, நட்டு, இயந்திர பாகங்களில் அந்தப் பூச்சு இருக்கும், பார்க்க வெள்ளியாகவோ தங்க மஞ்சளாகவோ இருக்கும், மஞ்சள் துத்தநாகப் பூச்சிலிருந்து கண்ணால் பிரித்துச் சொல்ல முடியாது. 767 டிகிரியிலேயே கொதித்துவிடும். முதல் சில மணி நேரம் சாதாரணத் தொண்டைக் கரகரப்பு மாதிரி இருந்து, அடுத்த நாள் நுரையீரலில் நீர் கோத்து ஆளையே கொண்டுபோய்விடக் கூடியது. எனவே எங்கள் பட்டறையில் ஒரே சட்டம்: எந்தப் பூச்சு என்று தெரியாத எதுவும் உலைக்குப் போகாது.

இதை இப்போது எழுதக் காரணம் பழைய இரும்பில் சிற்பம் செய்கிற ஆர்வம் ஊருக்கு ஊர் பரவியிருப்பதுதான். டெல்லியில் 2019-இல் சுமார் 150 டன் கழிவுப் பொருளில் உலக அதிசயங்களைச் செய்து பூங்கா திறந்தார்கள். நல்ல விஷயம், எனக்கும் ரொம்பப் பிடிக்கும். ஆனால் காயலான் கடையிலிருந்து வருகிற மூட்டையில் பைக் செயின், குரோம் பூசிய கைப்பிடி, ஈயப் பெயின்ட் அடித்த கிராதி, ஜி.ஐ. குழாய் எல்லாம் கலந்து கிடக்கும். வெல்டிங் வைத்து ஒட்டினாலும் இதே புகைதான். வெல்டிங் புகையையே புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2017-இல் சேர்த்துவிட்டது.

அலெக்சேய் மெர்ட்சலோவ் என்ற கொல்லர் உக்ரைனின் இன்றைய தோனெத்ஸ்கில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஒரு பனை செய்தார். ஒரே தண்டவாளத்திலிருந்து, எந்த ஒட்டும் இல்லாமல், மூன்றரை மீட்டர் உயரத்துக்கு. 1896-இல் நீஷ்னி நோவ்கோரத் கண்காட்சியில் வைத்தார்கள். படத்தை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. அவர் கையில் இருந்தது பூச்சில்லாத வெறும் எஃகு, அவருக்குத் தேவைப்பட்டதும் அவ்வளவுதான்.

பார்த்து அடையாளம் காண்பது கஷ்டமில்லை. புது ஜி.ஐ.யில் உறைந்த பனி மாதிரிப் பூப்பூவாகத் தெரியும், பழசானால் மங்கிய சாம்பல். ஒரு மூலையை அரத்தால் தேய்த்தால் மேலே ஒரு நிறம், உள்ளே ஒரு நிறம் வரும். தெரியாமல் சூடாக்கிவிட்டீர்கள் என்றால் பச்சை கலந்த தீயும் வெள்ளைப் புகையும் வரும், மேலே படிந்தது சூட்டில் மஞ்சளாக இருந்து ஆறினால் வெள்ளையாகும். உடனே வெளியே எடுத்துவிட்டு நீங்களும் வெளியே போங்கள். மூக்கில் கட்டுகிற துண்டும் துணி மாஸ்க்கும் இதற்கு உதவாது. பின்னால் வைக்கிற ஃபேன் புகையைப் பக்கத்தில் நிற்கிறவர் முகத்துக்குத்தான் அனுப்பும்.

ஆசிட்டில் பூச்சைக் கரைத்துவிட்டு அடிக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. கரையும், ஆனால் அப்போது ஹைட்ரஜன் வாயு கிளம்பும், பக்கத்தில் பொறி பட்டால் பற்றிக்கொள்ளும், குழாயின் உள்பக்கம் போயிற்றா என்று பார்க்கவும் முடியாது, மீந்த ஆசிட்டை எங்கே ஊற்றுவது? பூச்சில்லாத கறுப்பு எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) தகடு எந்த இரும்புக் கடையிலும் கிடைக்கிறது.

வேலை கொடுக்கிறவர்களிடம், நகராட்சியோ அடுக்குமாடிச் சங்கமோ வடிவமைப்பாளரோ, ஒன்று கேட்கிறேன். துருப்பிடிக்கக் கூடாது என்ற உங்கள் கவலை நியாயம்தான். அதற்கு ஆர்டரிலேயே "கறுப்பு இரும்பில் அடித்து முடித்த பிறகு கால்வனைசிங்", அதாவது துத்தநாகப் பூச்சு, என்று எழுதுங்கள். தண்டையும் இலையையும் முடித்துவிட்டு 450 டிகிரி துத்தநாகத் தொட்டியில் முக்கலாம். குழாய்த் தண்டு என்றால் காற்றுத் துளை கட்டாயம் வேண்டும், உள்ளே மாட்டிய ஈரம் ஆவியாகி வெடிக்கும். இதழ் மாதிரி மெல்லிய தகடு தொட்டியில் நெளிந்துவிடலாம், அதற்குத் துத்தநாக பிரைமர் அடித்து மேலே பெயின்ட்.

செங்காந்தளை அப்படித்தான் முடித்தோம். மிச்சத் தகட்டைத் திருப்பி அனுப்பிவிட்டு, மீதி இதழ்களைக் கறுப்புத் தகட்டில் செய்தோம். நாள் தள்ளிப்போனதற்குத் திட்டு வாங்கினேன்.

அப்புறம் ஒன்று தோன்றியது. ரவுண்டானாவில் நிற்கிற செடி மேல் என்றாவது ஒரு லாரி ஏறும். நிமிர்த்தி ஒட்ட உள்ளூர் வெல்டர் ஒருவர் வருவார், நடுரோட்டில் குனிந்து, பூச்சு மேலேயே ராடை வைப்பார். அதனால் இப்போதெல்லாம் தொட்டிக்கு அனுப்புவதற்கு முன்னால், ஒவ்வொரு செடியின் அடித்தகட்டிலும் பாத்திரத்தில் பெயர் வெட்டுகிற மாதிரி, கொஞ்சம் ஆழமாகவே உளியால் வெட்டிவிடுகிறோம்: "ஜி.ஐ. பூச்சு. தேய்த்துவிட்டு வெல்டு வைக்கவும்." அன்று என்னோடு காய்ச்சலில் கிடந்த அந்தப் பையன்தான் இப்போது அந்த எழுத்தை வெட்டுகிறான்.