ஷெல் = கட்டளைக்கூடு

குடியாத்தம் லுங்கி மொத்தக் கடை, வேலூர் லாங்கு பஜார் மண்டி, ராணிப்பேட்டைத் தோல் கிடங்கு என்று நம் பக்கத்தில் ஃபாக்ஸ்புரோ என்ற பழைய தரவுத்தள மென்பொருளில் எழுதிய பில் புரோகிராம்கள் இன்னும் சோறு போடுகின்றன. அவற்றைப் பார்த்துக்கொள்ளும் ஆட்களின் வாயில் அடிக்கடி வரும் சொல் 'ஷெல்'. இதன் பொருள் சரியாகப் பிடிபட்டால், கோளாறை எங்கே தேடுவது என்பதும் பிடிபடும்.

ஆங்கிலத்தில் ஷெல் என்பது முட்டை, நத்தை, கொட்டை இவற்றின் கெட்டியான வெளிப்பகுதி. அதைக் கணினிக்குக் கொண்டுவந்தவர் பிரெஞ்சுக்காரரான லூயி பூஸான். 1960களின் நடுவில், மல்ட்டிக்ஸ் என்ற இயங்குதளத்துக்கான வேலையில் இந்தப் பெயரை வைத்தார். இயங்குதளத்தின் கரு உள்ளே இருக்கிறது. நாம் தட்டும் கட்டளையை வாங்கிப் புரிந்துகொண்டு கருவிடம் வேலை வாங்கித் தருவது வெளியே இருக்கும் ஷெல். விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளமான டாஸில் அதன் பெயர் கமாண்ட்.காம். இன்றைய விண்டோஸில் சிஎம்டி.

தமிழில் முதலில் தோன்றுவது 'ஓடு'. முட்டை ஓடு என்கிறோமே, பொருத்தம்தான். ஆனால் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த டிபேஸ், கிளிப்பர், ஃபாக்ஸ்புரோ மூன்றிலும் வெளிக்கட்டளையை இயக்கும் சொல் 'ரன்'. அதைத் தமிழில் சொன்னாலும் 'ஓடு'தான்! ஒரே பாடத்தில் இரண்டும் வந்தால் படிக்கிற பிள்ளை திணறிப்போகும். 'உறை' என்றால் தலையணை உறைபோல வெறும் மூடியாகிவிடுகிறது. ஷெல் அப்படிச் சும்மா மூடிக்கொண்டு கிடப்பதில்லை. நத்தைக்கூடு என்ற வழக்கு இருப்பதால் 'கட்டளைக்கூடு' என்பதே என் தேர்வு. புரோகிராமுக்குள்ளிருந்து கூட்டுக்கு அனுப்பும் கட்டளையை 'வெளிக்கட்டளை' எனலாம்.

முக்கியமான விஷயம் இது. ரன் கொடுத்ததும் ஃபாக்ஸ்புரோ அந்த வேலையைத் தானே செய்வதில்லை. புதிதாக ஒரு கூட்டைத் திறந்து வரியை அதன் கையில் கொடுத்துவிடுகிறது. அதற்குப் பிறகு வரும் பிழை கூட்டின் பிழை. டேபிளையும் இண்டெக்ஸையும் குடைந்து பயனில்லை.

'ரன் டைப் பில்.டிஎக்ஸ்டி > எல்பிடி1' என்ற வரியை எடுத்துக்கொள்வோம். பில் கோப்பை எல்பிடி1 என்ற பிரிண்டர் வாசலுக்குத் தள்ளுகிறது. பழைய டாட் மேட்ரிக்ஸ் இருந்தவரை தொல்லையில்லை. யுஎஸ்பி பிரிண்டர் வந்த அன்றே கடையிலிருந்து போன் வரும்: "அண்ணே, கறுப்பா ஒண்ணு வந்துட்டுப் போயிடுது, பில் வரல." அந்தக் கறுப்புச் சன்னல்தான் கட்டளைக்கூடு. என்ன தப்பு என்று அது சொல்லியிருக்கும், படிப்பதற்குள் மூடிக்கொண்டிருக்கும். அதே வரியை ஒரு பேட்ச் கோப்பில் (கட்டளைகளை வரிசையாக எழுதிவைக்கும் கோப்பு) எழுதி, கடைசியில் 'பாஸ்' (PAUSE, நிறுத்திவை) போட்டு, ரன்னில் அந்தக் கோப்பைக் கூப்பிடுங்கள். சன்னல் நிற்கும், செய்தியைப் படிக்கலாம். இந்தக் கோளாறுக்கு மருந்து, பிரிண்டரை ஷேர் செய்து 'நெட் யூஸ்' கட்டளையால் எல்பிடி1 உடன் இணைப்பது.

மற்றவை சுருக்கமாக. கூடே திறக்கவில்லை என்றால் காம்ஸ்பெக் (கூட்டின் கோப்பு எங்கே என்று கணினி குறித்துவைக்கும் 'சூழல் மாறி') சரியான கோப்பைக் காட்டுகிறதா என்று பாருங்கள். டாஸ் காலத்தில் 640 கேபி நினைவகத்துக்குள் ஃபாக்ஸ்புரோவே பெரும்பகுதியைப் பிடித்துக்கொள்ளும், கூட்டுக்கு இடம் இருக்காது. 64 பிட் விண்டோஸில் 16 பிட் புரோகிராம்கள் ஓடாது. 32 பிட்டான விஷுவல் ஃபாக்ஸ்புரோ நன்றாக ஓடும், அது பேக்கப்புக்குக் கூப்பிடும் பழைய டாஸ் பிகேசிப் (கோப்புகளைச் சுருக்கும் புரோகிராம்) மட்டும் விழும். ஃபோல்டர் பெயரில் இடைவெளி இருந்தால் இரட்டை மேற்கோள் வேண்டும்.

அப்புறம், பலரை நாள்கணக்கில் அலையவிடும் ஒன்று. சர்வரின் ஷேர் ஃபோல்டரிலிருந்து, இரண்டு சாய்கோட்டில் தொடங்கும் பாதையில் நேராகப் புரோகிராமைத் திறந்திருப்பார்கள். சிஎம்டி அப்படிப்பட்ட பாதையில் நிற்காது, விண்டோஸ் ஃபோல்டருக்குப் போய்விடும். பிறகு 'காப்பி' கொடுத்தால் கண்ணெதிரே இருக்கும் கோப்பையே காணோம் என்று சொல்லும். அந்த ஷேருக்கு ஒரு டிரைவ் எழுத்து கொடுத்து, அதன் வழியாகப் புரோகிராமைத் திறந்தால் போதும்.